மரக்காணம் பாலம் வரை

என் அத்தா மதார் சாகிப் ஒரு பண்டாரி. சதுரங்கப்பட்டினத்தைச் சுற்றிக் கல்யாணம், வலிமா, கந்தூரி என்று எங்கே பெரிய சமையல் நடந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஊரில் பாதிப் பேர் அவரை அடையாளம் சொல்வது பிரியாணியை வைத்து அல்ல, படகை வைத்து. பக்கிங்ஹாம் கால்வாயில் பச்சை நிறப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு போகும் பாய் அவர்தான். மீன் பிடிக்கவோ சாமான் ஏற்றவோ அவர் போவதில்லை. சும்மா போகிறார். பொழுது சாய்ந்தால் கரையில் டென்ட் போட்டுத் தூங்குகிறார். மறுநாள் எழுந்து இன்னும் கொஞ்ச தூரம் போகிறார்.

“குடும்பத்தோட ஊட்டிக்குப் போற ஆம்பளைங்கள பாத்துகீறேன்” என்பார் என் அம்மா ஷஹர்பானு. “சேத்துல படுக்கறதுக்கு லீவு போட்டுகினு போற ஆம்பளைய இந்த வூட்லதான் பாக்கறேன்.”

போன டிசம்பரில் அத்தாவும் அவருடைய நண்பர் ஆபிரகாம் மாமாவும் போன பயணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நான் கூடப் போகவில்லை. இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். அவர்கள் சொன்னது ஒன்றுக்கொன்று இடித்த இடங்களில் மாமா சொன்னதையே எடுத்துக்கொண்டேன். அத்தா சொல்லும் கதைகளில் எப்போதும் ஆட்கள் கொஞ்சம் அதிகமாக இருப்பார்கள்.

முட்டுக்காடு பக்கத்தில் ஒரு ரிசார்ட்டை மூடும்போது, கடைசி விருந்துக்குச் சமைக்க அத்தா போயிருந்தார். மழையில் விறகு நனையாமல் இருக்க அதன்மேல் எதையோ கவிழ்த்து வைத்திருந்தார்கள். அது ஒரு ஃபைபர் படகு. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடுகிற மாதிரி, ஒல்லியாக, நீளமாக இருந்தது. அடியில் விரிசல். அத்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்ட மேனேஜர், “வேணும்னா எடுத்துக்கோங்க பாய், இங்க குப்பைதான்” என்றாராம். பிரியாணி ஆக்கும் தேக்சா, கரண்டி எல்லாவற்றோடும் படகும் லோடு வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

விரிசலை ஒட்டத் தெரிந்த ஆளைத் தேடியபோதுதான் ஆபிரகாம் மாமா கிடைத்தார். அவர் அணுமின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தார். அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். அவருடைய அப்பா அம்மா பாலாற்றங்கரையில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மாமா ஐ.டி.ஐ. படித்து வேலைக்குப் போனவர். ஃபைபர் ஷீட்டும் ரெசினும் கொண்டு வந்து விரிசலை அடைத்தார். அடைத்தது நிற்கிறதா என்று பார்க்க இரண்டு பேரும் படகைக் கால்வாயில் இறக்கினார்கள். நின்றது. அப்படியே வாயலூர் வரை போய்விட்டார்கள். அன்றைக்கு மாலை அத்தா வராததைக் கண்டு அம்மா போலீசுக்குப் போகக் கிளம்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும், கிறிஸ்துமஸ் முடிந்ததும் கிளம்புவார்கள். மழை முடிந்து கால்வாய் நிறைந்திருக்கும். மார்கழியில் மண்டபங்களும் பாதி காலியாக இருக்கும். போக வேண்டிய இடம் மரக்காணம் பாலம் என்று முதல் வருடமே முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு மாமா ஒரு சட்டமும் போட்டார். தண்ணீர் இல்லாத இடத்தில் படகைத் தோளில் தூக்கலாம், கயிறு கட்டி இழுக்கலாம், யார் வேண்டுமானாலும் கை கொடுக்கலாம். வண்டியில் மட்டும் ஏற்றக்கூடாது. ஏற்றிவிட்டால் அந்தப் பயணம் அதோடு முடிந்தது.

மரக்காணம் அப்படி ஒன்றும் எட்டாத தூரம் இல்லை. ஆனாலும் ஒரு வருடம்கூட அவர்கள் போய்ச் சேரவில்லை. காரணம் அத்தாவின் கை. நூறு பேருக்கு, ஐந்நூறு பேருக்கு என்று சமைத்துப் பழகிய கை அது. இரண்டு பேருக்கு என்றால் அதற்கு அளவு பிடிபடாது. கரையில் அடுப்பு மூட்டினால் குறைந்தது இருபது பேர் சாப்பிடுகிற மாதிரி ஆக்கிவிடுவார். பிறகு அதைச் சாப்பிட ஆள் தேடுவார். ஆடு மேய்ப்பவர்கள், உப்பளத்தில் வேலை செய்பவர்கள், இறால் பண்ணைக் காவலாளிகள் எல்லோரும் வந்து உட்காருவார்கள். சாப்பிட்டவர்கள் மறுநாள், “எங்க வூட்டுக்கு வந்துட்டுதான் போவணும்” என்று பிடித்துக்கொள்வார்கள். லீவு அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு வருடம் முதல் நாள் போட்ட டென்ட்டைக் கடைசி நாள்தான் பிரித்தார்கள்.

போன டிசம்பரில் அப்படி நடக்க முடியாது. அந்த மாதக் கடைசியோடு மாமாவுக்கு ஓய்வு. முப்பத்தொன்றாம் தேதி வேலை இடத்தில் அவருக்குப் பிரிவு உபசாரம். பொங்கலுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஓசூரில் இருக்கும் மகள் கவியா வீட்டோடு போய்விடுவதாக ஏற்பாடு. தனி ஆளாக அந்தப் படகை நேராக ஓட்ட அத்தாவால் முடியாது. இந்தத் தடவை போகாவிட்டால் மரக்காணம் இல்லவே இல்லை.

மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டி வைத்திருந்த சாமான் மூட்டையைப் பிரித்தார். அரிசி, எண்ணெய், சோம்பு, பட்டை, சின்ன தேக்சா எல்லாவற்றையும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். பதிலுக்கு ஒரு பையில் பன், வாழைப்பழம், கடலை உருண்டை போட்டார்.

“அடுப்பு?” என்றார் அத்தா.

“அடுப்பு கெடையாது பாய்.”

“டீ போடக்கூடவா?”

“நீ டீ போட்டா அதுக்கும் ஊரு கூடும்.”

அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது. அத்தா லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார்.

இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் போனார்கள். முன்னால் அத்தா, பின்னால் மாமா. பாலாறு கலக்கும் இடத்தைக் காற்று கிளம்புவதற்கு முன்பே தாண்டிவிட்டார்கள். அங்கங்கே ஆகாயத்தாமரை அடைத்திருந்த இடத்தில் இறங்கித் தள்ளினார்கள். கரையில் யாராவது கை காட்டினால் பதிலுக்குக் கை காட்டிவிட்டு நிற்காமல் போனார்கள். அத்தா போனில் என்னிடம், “உங்க மாமா மிலிட்டரிக்காரன் மாதிரி ஓட்டறான்மா. நாஸ்தாவே படகுலதான்” என்றார். குரலில் குறை இருந்த மாதிரித் தெரியவில்லை. கொக்கும் நாரையும் கிட்டப் போகும்வரை பறக்கவில்லை என்று வேறு சொன்னார்.

மறுநாள் பொழுது சாயும்போது கால்வாய் ஒரு பெரிய நீர்ப்பரப்பில் போய்க் கலந்தது. கடலுக்கும் அதற்கும் நடுவில் மணல் திட்டு மட்டும்தான். மழைத் தண்ணீர் கரை தொட்டுத் தளும்பியது. ஒரு மீனவக் குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி டென்ட் போட்டார்கள். படகைத் தண்ணீர் ஓரத்திலேயே ஒரு கம்பில் கட்டினார்கள்.

அப்போது குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் சுப்பிரமணி. படகைச் சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்தார். அத்தாவுக்குச் சங்கடமாகிவிட்டது. ஒரு மனிதன் வந்து உட்கார்ந்திருக்கிறான், கொடுக்க ஒரு வாய் டீ இல்லை. பையில் இருந்தது நசுங்கிய பன். அதை நீட்டக் கூச்சம். வெறும் கையோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசி அவருக்குப் பழக்கமே இல்லை. அதனால் கேட்டதற்கெல்லாம் “ஆமாங்க”, “இல்லீங்க” என்று மட்டும் சொன்னார். கொட்டாவி விட்டார். “கால்வலிங்க, படுக்கறோம்” என்று டென்ட்டுக்குள் போய் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டார். சுப்பிரமணி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

காலையில் மாமாதான் முதலில் வெளியே வந்தார். படகு கட்டின இடத்தில் இருந்தது. தண்ணீர் இல்லை. டென்ட்டிலிருந்து வெகுதூரத்துக்குச் சேறு மின்னியது. அதற்கும் அப்பால் நடுவில் மட்டும் தண்ணீர் ஒரு வாய்க்கால் போலக் கடலைப் பார்த்து வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. குப்பத்து ஆட்கள் விடியும் முன்பே மணல் திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் ஏறி வீடுகளைத் தொடும் வருடங்களில் அவர்கள் அப்படிச் செய்வது வழக்கம். தண்ணீர் வடியும்போது அதோடு போகும் இறாலையும் மீனையும் வலை கட்டிப் பிடிப்பார்கள். ஊரே அங்கே நின்றது.

சுப்பிரமணி முழங்கால் சேற்றோடு வந்தார்.

“இன்னா பாய் இது, உங்க போட்டு தரையில குந்திகினு கீது?”

“ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதாப்பா?” என்றார் அத்தா.

“சொல்லத்தான் நேத்து வந்தேன். நீ இன்னா, வாயத் தொறக்கறதுக்கே காசு கேப்ப போல இருந்த. சரி, பெரிய ஆளுங்க, நமக்கு இன்னா பேஜாருன்னு போய்ட்டேன்.”

மாமா அத்தாவைப் பார்த்தார். அடுப்பு கூடாது என்று சொன்னவர் மாமாதான். யாரையும் திட்ட முடியவில்லை.

இப்போது படகை நடுத் தண்ணீருக்குக் கொண்டு போனாலும் தெற்கே போக முடியாது. தெற்குப் பக்கத்துத் தண்ணீர் முழுவதும் முகத்துவாரத்தை நோக்கி எதிராக வந்துகொண்டிருந்தது. சுப்பிரமணிதான் வழி சொன்னார். மதியத்துக்கு மேல் கடல் ஏறும், கடல் தண்ணீர் உள்ளே வந்து தெற்கேயும் தள்ளும், அப்போது படகை விட்டால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் மறுநாள்தான். மறுநாள் மாமா ஊர் திரும்பியாக வேண்டும்.

ஆகவே மதியம் வரை வேலை இல்லை. இரண்டு பேரும் வலை கட்டும் இடத்துக்குப் போனார்கள். வெள்ளை இறால் கூடை கூடையாக வந்து குவிந்தது. அத்தா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்ததுதான் தாமதம், தௌசிஃப் என்று ஒரு பையன், இறால் எடுக்க வந்த வியாபாரி, அவரை அடையாளம் கண்டுகொண்டான்.

“சதுரங்கப்பட்டினம் பண்டாரி! எங்க அக்கா கல்யாணத்துல நீங்கதானே ஆக்கினீங்க?”

அவ்வளவுதான். ஊர்ப் பொது தேக்சா கோயில் பக்கத்தில் இருக்கிறது, அரிசி இருக்கிறது, விறகு இருக்கிறது, இறால் கண்முன்னே இருக்கிறது. நீங்கள் கை வைத்தால் போதும் என்று பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். சுப்பிரமணியின் மனைவி செங்கம்மாள் வெங்காய மூட்டையையே அவிழ்த்துவிட்டார்.

அத்தா வானத்தைப் பார்த்தார். அத்தனை பேருக்கு ஆக்கி இறக்கினால் சாயங்காலம் ஆகிவிடும்.

“இல்லம்மா. முடியாது.”

“இன்னா முடியாது? சும்மாதானே நிக்கிறீங்க?”

“கெளம்பணும்.”

“பிரியாணி பாய்னு சொன்னாங்க” என்று செங்கம்மாள் மற்றவர்களிடம் திரும்பினார். “பையப் பாத்தா பன்னா கீது. பன்னு பாய்!”

எல்லோரும் சிரித்தார்கள். அத்தாவின் காது மடல் சிவந்துவிட்டதாக மாமா சொன்னார். மாமா அவரைத் தனியாக இழுத்துப் போனார்.

“ஆக்கிடு பாய். பரவால்ல. நாம எந்த வருசம் போய்ச் சேந்தோம்?”

“நீ சும்மா இரு மச்சான்.”

“உன் மூஞ்சியப் பாக்க முடியலடா.”

“அப்ப பாக்காத. கயிறு எங்க வச்ச? எடு.”

சமையலுக்குக் கூப்பிட்டு என் அத்தா மறுத்த ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் திரும்பிப் பார்க்காமல் சேற்றில் இறங்கினார். முழங்கால் வரை புதைந்தது. படகின் முன்பக்கம் கயிறு கட்டி அவர் இழுக்க, பின்னால் மாமா தள்ளினார். படகு ஒரு சாண் நகரும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த சுப்பிரமணி, “யோவ் பன்னு பாய், அப்படி நேரா இழுத்தா இடுப்புதான் ஒடியும்” என்று கத்திக்கொண்டே வந்தார். பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். படகுக்கடியில் தென்னை மட்டைகளைப் போட்டு, ஏலேலோ போட்டு, வழி முழுக்க அத்தாவைக் கேலி செய்துகொண்டே நடுத் தண்ணீர் வரை இழுத்துக் கொடுத்தார்கள்.

மதியத்துக்கு மேல் நீரோட்டம் தளர்ந்தது. கொஞ்ச நேரம் தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. பிறகு நுரை மெதுவாகத் தெற்கே நகரத் தொடங்கியது. சொன்ன மாதிரியே கடல் தள்ளிக் கொடுத்தது. இரண்டு துடுப்பும் ஒன்றாக விழுந்தன, ஒன்றாக எழுந்தன. கடல் தண்ணீரின் வேகம் குறைந்த பிறகும் அவர்கள் குறைக்கவில்லை. ஒரு பனங்காட்டு ஓரத்தில் படுத்து எழுந்து, விடிந்ததும் விடியாததுமாக மறுபடி கிளம்பினார்கள். உப்பளங்கள் வந்தன. பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றது. பத்து மணி வாக்கில் பாலம் தெரிந்தது.

திரும்பக் கூட்டி வர, பூபாலன் அண்ணன் லோடு வண்டியோடு பாலத்தின்மேல் காத்திருந்தார். அத்தாவின் பாத்திரங்களை ஏற்றிப் போகிறவர் அவர்தான். படகைப் பார்த்ததும் துண்டை வீசினார்.

“அண்ணாத்த! வந்துட்டீங்க! இங்கதான், இங்கதான்! ஓரம் கட்டு!”

அத்தா துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். படகு நிற்கவில்லை. பின்னால் தண்ணீரில் துடுப்பு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாலத்தின் நிழல் அவர்கள்மேல் விழுந்து, கடந்து போனது.

“மச்சான், பாலம் தாண்டிட்டோம்” என்றார் அத்தா, திரும்பாமல்.

“தெரியும்.”

“பூபாலன் கத்துறான்.”

“கேக்குது.”

“உனக்கு நாளைக்கு ஃபங்ஷன் கீது.”

“நாளைக்குத்தானே” என்றார் மாமா.

அத்தாவும் மடியிலிருந்த துடுப்பை எடுத்துப் போடத் தொடங்கினார். அவர்கள் அடுத்து எங்கே கரை ஏறுவார்கள் என்று தெரியாமல், பூபாலன் அண்ணன் வண்டியைக் கிளப்பி, கால்வாயை ஒட்டிய மண் பாதையில் மெதுவாகப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார்.