எறும்பு தின்ற வரி

யுத்தகாலத்தில் சேலத்தில் இண்டர்மீடியட் படித்தேன். படித்தேன் என்று ஒரு வழக்கத்துக்காகச் சொல்கிறேன். காலையில் சூரமங்கலத்திலிருந்து டவுனுக்கு நடந்தேன். சாயங்காலம் டவுனிலிருந்து சூரமங்கலத்துக்கு நடந்தேன். நடுவில் எழுதினேன். விரிவுரையாளர்கள் சொன்னார்கள், நாங்கள் எழுதினோம். கல்லூரி என்பது அந்த நாளில் நூறு பேருக்கு ஒரே சமயத்தில் கை வலிக்கிற இடம்.

ரசாயனம் சொல்லித்தந்தவர் ஒரு பழுத்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, கமாவையும் ஃபுல்ஸ்டாப்பையும்கூட விடாமல் வாய்விட்டுச் சொல்வார். மூன்றாவது வாரத்தில் ஒரு நகைச்சுவை வரும். எனக்கு இரண்டு வருஷம் முந்திப் படித்த ஒருவனின் நோட்டு என்னிடம் இருந்தது. அதில் அந்த இடத்துக்கு நேரே, ஓரத்தில், ‘இங்கே சிரிக்கவும்’ என்று பென்சிலால் குறித்திருந்தான். நாங்களும் அங்கே சிரித்தோம். அவர் ஒவ்வொரு வருஷமும் அதில் புதிதாகச் சந்தோஷப்பட்டார்.

நான் மல்லசமுத்திரத்துக் குடியானவன் வீட்டுப் பையன். கவிஞன் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. மற்றவர்களுக்கு இன்னும் தகவல் போகவில்லை. சூரமங்கலத்தில் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு ரயில்வே குமாஸ்தா வீட்டுப் புழக்கடையில், முன்பு கரி கொட்டி வைத்திருந்த அறையை வெள்ளையடித்து எனக்கும் இன்னொருவனுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். சுவரில் சாய்ந்தால் முதுகு கறுக்கும். துவைத்துப் போட்ட வேட்டி காய்வதற்குள் ஏதாவது ஓர் எஞ்சின் வந்து மூச்சு விட்டுவிட்டுப் போகும். ரேஷன் அரிசிச் சோற்றில் கல்லைத் துப்பித் துப்பி, சாப்பிடுவதே ஒரு பரிசோதனை மாதிரி ஆகிவிட்டது. இந்த அவலங்களை எல்லாம் கவிதை ஆக்கலாம் என்று பார்த்தேன். ஆகவில்லை. ஆகவே நிலாவைப் பற்றி எழுதினேன்.

அறையில் என்னோடு இருந்தவன் வாழப்பாடிக்காரன். அவன் அப்பாவுக்கு அங்கே பாக்கு மண்டி. போன வருஷம் செலக்‌ஷனில், அதாவது பல்கலைக்கழகப் பரீட்சைக்கு யாரை அனுப்பலாம் என்று கல்லூரியே வைக்கிற பரீட்சையில், ரசாயனத்தில் தங்கிவிட்டான். இந்த வருஷமும் தங்கினால் மண்டிக்கு வந்து உட்கார வேண்டியதுதான் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். அவனுக்கு மதராஸ் போய் மாட்டு டாக்டருக்குப் படிக்க ஆசை. தெருவில் ஒரு மாடு நொண்டினால் நின்று குளம்பைப் பார்த்துவிட்டுத்தான் வருவான். கல்லூரிக்கு நேரமாகிவிடும். ஒரு கவிஞன் மாட்டு டாக்டரோடு ஒரே பாயில் படுக்க வேண்டியிருக்கிறதே என்று நான் உள்ளூர வருந்திய நாட்கள் உண்டு.

என் கவிதைகளுக்கு ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது. பத்திரிகைகள் எல்லாம் என்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததால், நானே ஒன்று நடத்துவதென்று தீர்மானித்தேன். பெயர் வைக்க ஒரு மாதம் ஆயிற்று. அந்தப் பெயரை இன்று சொல்ல நாக்குக் கூசுகிறது. கையால் எழுதிச் சுற்றுக்கு விடுகிற பத்திரிகை கல்லூரியில் ஏற்கெனவே மூன்று இருந்தன. மூன்றையும் நடத்துகிறவர்களே படித்தார்கள். நான் நாற்பது பிரதி போட நினைத்தேன். ஜெலட்டினையும் கிளிசரினையும் சர்க்கரையோடு காய்ச்சித் தட்டில் ஊற்றி உறையவிட்டால் ஒரு பாளம் கிடைக்கும். சாய மையில் எழுதிய தாளை அதன்மேல் அழுத்தினால் எழுத்து பாளத்தில் ஏறிக்கொள்ளும். பிறகு வெறுந்தாளை ஒற்றி ஒற்றி எடுக்கலாம் என்று எங்கோ வாசித்திருந்தேன்.

ஜெலட்டின் கடையில் இல்லை, யுத்தம். இருந்தாலும் ஆகியிருக்காது. வீட்டுக்கார அம்மாள் சுத்த சைவம். அது எதிலிருந்து வருகிறது என்று அவருக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். “எலும்பைக் காய்ச்சறதுன்னா வேற வீடு பாத்துக்கோ தம்பி,” என்றார். கவிதைக்கு அவர் இட்ட ஒரே நிபந்தனை அதுதான். சேலத்தில் அப்போது ஜவ்வரிசிக் கொட்டகைகள் புதிதாகக் கிளம்பியிருந்தன. மரவள்ளி மாவைக் காய்ச்சினால் பசைபோல இறுகுவதைப் பார்த்திருந்தேன். ஜெலட்டினுக்கு மரவள்ளி மாவு. சர்க்கரை ரேஷன், அதற்குப் பதில் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய நாட்டுச் சர்க்கரை. மைக்கு, நூல் சாயம் விற்கிற கடை.

சாயக்கடைப் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஊதாவா? தறியில எத்தினி பாவுக்குத் தம்பி?”

“பாவுக்கில்லீங்க பாய். கவிதைக்குங்க.”

“அதுக்கு எதுக்கு இம்புட்டு? ஒரு சிட்டிகை போதுமே.”

பொட்டலம் கட்டித் தந்தபோதும் அவர் முகத்தில் சிரிப்பில்லை. எனக்குக் கிடைத்த முதல் விமரிசனம் அது. அதைவிடச் சரியான ஒன்று அப்புறமும் கிடைக்கவில்லை.

நான்கு தடவை கெட்டுப்போய், ஐந்தாம் தடவை பாளம் உறைந்தது. வீட்டுக்காரர் தூக்கியெறிந்த பழைய ரயில்வே ஃபாரங்களின் முதுகில் என் நிலா ஊதா நிறத்தில் இறங்கியது. முன்பக்கம் நிலக்கடலை மூட்டைகளின் எடை, பின்பக்கம் என் ஏக்கம். வாழப்பாடிக்காரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நல்லாத்தான் விழுது கவிராயரே. இதுல அந்த உப்பு அட்டவணையைப் போட்டா என்னா?”

அட்டவணை என்பது, பெயர் சொல்லாமல் கொடுக்கிற ஓர் உப்பு என்னவென்று கண்டுபிடிக்க விரிவுரையாளர் சொல்லி எழுதவைத்த வரிசை: எதைச் சேர்த்தால் எது படியும், சுடரில் காட்டினால் என்ன நிறம் வரும் என்பது. இவனுடைய போன வருஷத்து நோட்டை மண்டியில் கிழித்துப் பொட்டலம் கட்டிவிட்டார்கள்; இந்த வருஷம் அவர் அதைச் சொன்ன வாரம் இவன் குளிர்காய்ச்சலில் வாழப்பாடியில் கிடந்தான். என் நோட்டிலும் ஓரமெல்லாம் கவிதையாக இருந்தாலும், அந்த ஒரு பக்கம் மட்டும் எப்படியோ முழுசாக இருந்தது.

“எனக்கு வேணும். இன்னும் முப்பது பேருக்கு வேணும்,” என்றான். “அட்டவணைய வாங்கறவன் ஒம்பத்திரிகையையும் வாங்கணும்னு சொல்லிப்புடறேன். இல்லாட்டி அதை எவன் தொடுவான்?”

“மனப்பாடம் பண்ற கூட்டத்துக்கெல்லாம் நான் அச்சாபீஸ் நடத்தோணுமாக்கும்?”

“நடத்துங்க,” என்றான், எங்கள் பக்கத்து ‘ங்க’வை நீட்டிப் பரிகாசம் செய்து. “எனக்காக நடத்துங்க சாமி. இந்த வாட்டி தங்குனேன்னா, எங்கப்பா என்னைப் பாக்கோட பாக்கா வேகவெச்சுருவாரு.”

ஒரு சனிக்கிழமை காலை அட்டவணையை எழுதிப் பாளத்தில் ஒற்றி, எழுத்து ஏறியதும் தாளை உரித்தேன். பிரதி எடுப்பதற்குள் நேரமாகிவிட்டது; வகுப்பு அரை நாள்தானே, வந்து எடுத்துக்கொள்ளலாமென்று பாளத்தை ஜன்னலடியில் வைத்துவிட்டுப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் சுவரிலிருந்து தட்டு வரைக்கும் ஓர் எறும்புச் சாரி. ஜெலட்டினில் வெள்ளைச் சர்க்கரை போட்ட வெள்ளைக்காரனுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது. மரவள்ளியும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து ஒரு பதார்த்தத்தைச் செய்து, தரையில் வைத்துவிட்டு, அதற்கு அச்சு யந்திரம் என்று பெயர் சூட்டியவன் நான். ஊதி விரட்டினேன். பாளத்தின் குறுக்கே ஒரு விரல் நீளம் சுரண்டி எடுத்ததுபோல் இருந்தது.

பிரதிகள் இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஒரு வரி இல்லை. பேரியம் இருந்தது, பச்சைச் சுடர். கால்சியம் இருந்தது, செங்கல் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில், ஸ்ட்ரான்ஷியம், ரத்தச் சிவப்பு என்று இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. வரிக்கு வரி இடம் விட்டு எழுதியிருந்ததால், அங்கே ஒன்று குறைவதாகவே தெரியாது.

எனக்குத் தெரிந்தது. பேனாவை எடுத்து நாற்பது தாளிலும் அந்த வரியை எழுத அரை மணி ஆகியிருக்கும். ஆனால் பாளம் காய்ந்து வெடிப்பதற்குள் துடைத்துவிட்டு என் கடைசிப் பக்கத்தை ஏற்றியாக வேண்டும். அதில் அந்திவானத்தைப் பற்றி நான் எழுதிய வசனகவிதை இருந்தது. படிக்காதவனுக்கு ஒரு வரி குறைந்தாலென்ன, படித்தவனுக்கு அது தெரிந்துதானே இருக்கும் என்று ஒரு நியாயமும் கைவசம் இருந்தது. அப்படியே அடுக்கி அவனிடம் கொடுத்தேன்.

பத்திரிகை வெளியாயிற்று. அட்டவணையை எல்லோரும் மடித்துப் பையில் வைத்தார்கள். என் நிலாவை மறுநாள் காபி கிளப்பில் பார்த்தேன். வடையின் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மூன்று நாள் யாரோடும் பேசாமல் திரிந்தேன். தமிழ் உலகம் எனக்குத் தகுதியாகவில்லை என்று அப்போது எழுதிய குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்துப்போட வேண்டும்.

அவனோ அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, பல் துலக்கும்போதுகூட அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். தலைகீழாகச் சொன்னான், நடுவிலிருந்து சொன்னான். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. பச்சைக்கு அடுத்துச் செங்கல் என்று அவன் தாண்டிப்போகும் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாமென்று வாயெடுப்பேன். சொன்னால், ‘ஏன் முன்னாடியே சொல்லலே?’ என்பான். நோட்டை எடுத்து ஓரத்தில் கவிதை எழுத உட்கார்ந்துவிடுவேன். செலக்‌ஷன் வந்துவிட்டது.

செய்முறைப் பரீட்சையில் எனக்கு அம்மோனியா வந்தது. மூக்கு இருந்தால் போதும், மூளை வேண்டாம். வெளியே வந்து நின்றேன். அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

“தேறிட்டேன் கவிராயரே. கால்சியம். செவப்பு வந்துச்சு.”

“எப்படிச் செவப்பு?”

“செங்கல்லுன்னு போட்டிருந்தே இல்ல? அந்தச் செங்கல்லு மாதிரி இல்ல. குங்குமத்தக் கரைச்சு ஊத்துனாப்பல. சுத்தி நின்னவன் எல்லாம் பாத்தான். அடங்குற வரைக்கும் கண்ண எடுக்கலே நானு. ஆனா அட்டவணையில வேற செவப்பு ஏது? கால்சியம்னே எழுதிப்புட்டேன்.”

என் அந்திவானத்தில் நான்கு இடத்தில் சிவப்பு என்று எழுதியிருந்தேன். நான்கும் ஒரே சிவப்பு. வானத்தைப் பார்க்காமல் எழுதியது அது. அவனோ சுடரைப் பார்த்திருந்தான். அவன் கண்ணில் தப்பில்லை. கண்ணுக்குத் தெரிந்ததற்கு அவன் கையில் இருந்த காகிதத்தில் பெயர் இல்லை.

பத்து நாளில் பட்டியல் ஒட்டினார்கள். அவன் பெயர் இல்லை. எழுத்துப் பரீட்சையில் ஓரளவு எழுதியிருக்கிறான், உப்புத்தான் கவிழ்த்துவிட்டது என்று ஆய்வுக்கூடத்து அட்டெண்டர் சொன்னார். நான் மிச்சமிருந்த ஓர் அட்டவணைப் பிரதியை எடுத்துக்கொண்டு விரிவுரையாளரிடம் போனேன். தயிர்ச்சாதத்தை மூடிவைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

“யார் கையெழுத்து?”

“என்னுதுங்க சார். இதுல ஒரு வரி உட்டுப்போச்சுங்க. இதை நம்பித்தான் என் ரூம்ல இருக்கற வாழப்பாடிப் பையன் தப்பா எழுதிட்டானுங்க. மறுக்கா ஒரு உப்புக் குடுத்தீங்கன்னா சொல்லிருவானுங்க.”

“வரி எப்படி விட்டுப்போச்சு?”

“எறும்பு தின்னுருச்சுங்க சார்.”

“நான் சொன்ன அன்னிக்கு கிளாஸ்ல எறும்பு இருந்துதா?”

“இல்லீங்க சார்.”

“பட்டியல்ல பிரின்ஸிபால் கையெழுத்துப் போட்டாச்சு,” என்றார். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, “எழுதிக்கோ,” என்றார்.

நோட்டு இல்லாமலே, கண்ணை மூடிக்கொண்டு, ஸ்ட்ரான்ஷியத்தின் வரியைச் சொன்னார். கமாவோடு. நான் எழுதினேன். கடைசியில் ஃபுல்ஸ்டாப் என்றார். வைத்தேன். அவர் தயிர்ச்சாதத்தைத் திறந்தார்.

அறைக்கு வந்தபோது அவன் தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். மத்தியானம், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் போகிறானாம். சுவரில் ஒட்டிய அட்டவணை அங்கேயே இருந்தது. எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டான். சொன்னேன்.

“எறும்பா? எப்ப தின்னுச்சு?”

“பிரதி எடுக்கறதுக்கு முந்தி.”

“ஒனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

துணி அடுக்குவதை நிறுத்தவில்லை. “அது பேரு என்னா?” என்றான்.

“ஸ்ட்ரான்ஷியம்.”

ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பெட்டியைப் பூட்டினான். கனமான பெட்டி, இரண்டு பக்கமும் பிடி. எப்போது ஊருக்குப் போனாலும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். நான் குனிந்து என் பக்கத்துப் பிடியைத் தொட்டேன்.

“வுடு,” என்றான். “நானே தூக்கிக்கிறேன்.”

பத்தடிக்கு ஒரு தடவை கை மாற்றிக்கொண்டு போனான். நான் பின்னால் போனேன். கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட் மூடியிருந்தது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வண்டி நீளம்; ஒவ்வொரு பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் போய் நிற்கலாம், நிற்கவில்லை. கேட் திறந்ததும் பெட்டியைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினான்.