எழுபத்திரண்டாவது பலகை

கால்வாய்ப் பாலத்தின் பலகையை மிதிப்பதற்கு முன் ரைட்டு செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். பக்தி என்று நினைத்துவிடக் கூடாது. எந்தப் பலகை ஆடுகிறது, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்பது வெறுங்காலுக்குத்தான் தெரியுமாம். ஒவ்வொன்றையும் இரண்டு மிதி மிதித்துவிட்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்து நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்வார். கரையில் சைக்கிளோடு நிற்பவர்கள், "எப்பண்ணே திறப்பீங்க?" என்று கத்தினால், திரும்பாமலே பதில் வரும்: "நிறையாம வண்டி எடுக்கறதில்ல."

முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் கண்டக்டர். ஊர் வைத்த பெயர் 'ரைட்டு'. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் தரை ஓடிக்கொண்டிருப்பதாகவே அவர் கால்கள் நம்புகின்றன. கூட்டத்தில் பேசும்போதும் காலை அகட்டி, தோளை எதன்மேலாவது சாய்த்துக்கொண்டால்தான் அவருக்கு வார்த்தை வரும். ஆட்களின் பெயர் மனதில் நிற்காது. யார் எந்த நிறுத்தத்தில் இறங்கினார்கள் என்பது மட்டும் கல்லில் எழுதியது போல் நிற்கும். ஊரின் மூத்த வக்கீலைக்கூட, "என்ன தபாலாபீஸ், உடம்பு பரவாயில்லையா?" என்றுதான் விசாரிப்பார்.

அவர் ஓடிய பஸ்ஸை உடைக்கப் போட்டபோது, கடைசி வரிசை இருக்கையின் தேக்குப் பலகையை ஏலத்தில் எடுத்துவந்து முன்னறைச் சன்னலோரம் போட்டிருந்தார். ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். உட்காருவதோ அவர் ஒருவர்தான். மனைவி ஒருநாள் துவைத்த துணியை அதில் மடித்து வைத்ததற்கு, "லக்கேஜை மேல வைம்மா" என்று முறைத்தார். அந்த அம்மாள் அன்றிலிருந்து அதன் பக்கமே போவதில்லை.

கால்வாயின் பழைய பாலம் இடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டியதாயிற்று. இரும்புச் சட்டம் போட்டுத் தருகிறோம், மேலே போடும் பலகையும் பராமரிப்பும் உங்கள் பொறுப்பு என்றது நகராட்சி. ஊர் வழக்கம்போல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தது. ரைட்டு மட்டும் நூலகத்தின் பின்னறையில் கூட்டம் போட்டார். வாசலோடு நின்றவர்களைப் பார்த்து, "உள்ள இடம் இருக்கு, முன்னால போங்க, படியில நிக்காதீங்க" என்று ஒரு குரல் விட்டார். பழக்கதோஷம், எல்லோரும் நகர்ந்து உள்ளே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் தப்பவில்லை.

வீட்டுக்கு ஒரு பலகை என்பது அவர் சட்டம். மாதம் ஒருநாள் இரண்டு வீட்டார் பாலத்தைக் கூட்டி, திருகு முடுக்கி, எண்ணெய் பூச வேண்டும். பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி, பலகை எண்ணும் முறைநாளும் எழுதி, தன் பழைய டிக்கெட் இடுக்கியால் ஓட்டை போட்டு டிக்கெட்டாகவே கொடுத்தார். மாவு மில்காரர் பத்துப் பலகை தருவதாக நெஞ்சை நிமிர்த்தியபோது கையெடுத்துக் கும்பிட்டார். "ஒண்ணு போதும் சாமி. பத்து குடுத்தா நாளைக்குப் பாலமே உங்க மில்லுக்குப் போற வழின்னு ஆயிடும்."

கல்லில் நார் உரிப்பது போல் மூன்று மாதம் உரித்தார். நகராட்சிப் பட்டியலில் எழுபத்திரண்டு வீடு, இரும்புச் சட்டமும் எழுபத்திரண்டு பலகைக்கு அளந்து போட்டது. நிறுத்தம் நிறுத்தமாக எழுதிய நோட்டில் எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்துவிட்டது. ஆனால் தச்சர் இரு கரையிலிருந்தும் அடித்துக்கொண்டு வந்து நடுவில் சேர்ந்தபோது, சரியாக ஒரு பலகை அகலத்துக்குக் கீழே தண்ணீர் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சோதனைக்கு வருகிறவர் நகராட்சிப் பொறியாளர். ஒரு பலகை குறைந்தாலும் கயிறு கட்டி மூடிவிடுவேன், அடுத்த சோதனை மழைக்காலம் முடிந்துதான் என்று முன்பே சொல்லியிருந்தார். ரைட்டுக்குத் தூக்கம் போயிற்று. "எவனோ டிக்கெட் எடுக்காம உள்ள உக்காந்திருக்கான்" என்று நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரே ஒரு பெயருக்கு மட்டும் பலகையைக் கண்ணால் பார்க்காமல் டிக் போட்டது நினைவுக்கு வந்தது. வாட்ச் ரிப்பேர்க்காரர். மனைவியின் தம்பி. வீட்டு ஆள்தானே என்று டிக்கெட்டை மனைவியிடமே கொடுத்தனுப்பியிருந்தார்.

புதன்கிழமைக் கூட்டத்தில் அறுபது பேர் நடுவில், "சொந்தம்னு சொல்லி ஓசியில வர்றவங்க தானா எறங்கிட்டா மரியாதை" என்றார், மச்சினனையே பார்த்துக்கொண்டு.

வாட்ச்காரர் நிதானமானவர். மெல்ல எழுந்தார். "என் பலகை மூணாவது மாமா. நேத்துக் காலையில அது மேல நின்னுக்கிட்டுதான் என்னைத் திட்டினீங்க."

தச்சர் தலையாட்டினார். "ஆமாண்ணே, என் கையாலதான் அடிச்சேன்."

"என் டிக்கெட் இதோ இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய வாட்ச்காரர், "உங்க டிக்கெட்டைக் காட்டுங்க மாமா" என்றார்.

ரைட்டு பைக்குள் கை விட்டார். மற்றொரு பைக்குள் விட்டார். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் தலை எண்ணியவர், எந்த எண்ணிக்கையிலும் தன் தலையைச் சேர்த்ததில்லை. எந்த நிறுத்தத்திலும் பயணியாக இறங்கியதில்லை, ஆகவே நோட்டில் எந்த நிறுத்தத்தின் கீழும் அவர் வீடு இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அது அறுபது பேருக்கு ஒரே சமயத்தில் தெரிந்தது. யாரோ முதலில் சிரிக்க, கூரை அதிர்ந்தது. அவருக்கு மட்டும் முகம் செத்துவிட்டது. சிரிப்புக்காக அல்ல, அந்தப் பையனை ஊர் நடுவில் திருடன் போல நிறுத்திவிட்டோமே என்று.

"நம்ம பலகைதான் இல்லேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் வீட்டில், மனைவியிடம்.

"மூணு வாரமா தெரியும்."

"சொல்றதுக்கென்ன?"

"வாயைத் திறந்தாலே 'வண்டி ஓடும்போது பேசாதே'ன்னு சொல்றீங்க. எங்க சொல்றது?" என்ற மனைவி, தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "மரக்கடையில கேட்டேன். அந்தக் கனத்துக்கு அறுத்துத் தர பத்து நாளாகுமாம்."

அவர் சாப்பிடவில்லை. சன்னலோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், பலகையின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை மனைவி பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை தச்சர் அதன் நீளத்தில் இரண்டு விரல் நறுக்கிக் குறைத்தார். ரைட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கடைசித் திருகு இறுகியது. பொறியாளர் நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரு கரையிலும் ஊரே நின்றது. எல்லோரும் அவர் கழுத்தில் தொங்கிய பழைய கண்டக்டர் விசிலைத்தான் பார்த்தார்கள்.

அவர் விசிலை ஊதவில்லை. அட்டைக் கட்டையும் இடுக்கியையும் மச்சினன் கையில் வைத்தார். "தப்பா பேசிட்டேன் மாப்ள. ஆஸ்பத்திரி ஒண்ணு குடு."

வாட்ச்காரர் சிரிக்காமல் எழுபத்திரண்டு என்று எழுதி, ஓட்டை போட்டுக் கொடுத்தார். ரைட்டு அதை நான்காக மடித்துத் தன் கைக்கடிகார வாரில் செருகிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.