மேல் லயத்துச் சரிவும் தேவகி மேடமும்

கியா பார்ம் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. நம் தோட்டத்துப் பச்சையம்மாவின் மகள். ஈப்போ மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். "கிராணியாரே, தேவகி மேடம் காலையில போயிட்டாங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன்," என்றாள். கீரையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

நம் தேயிலைத் தோட்டத்தில் தேவகி மேடத்தை அறியாதவர் குறைவு. அண்மையில் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தேவகி நம் மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்த நிலவியல் அதிகாரி. ஒரு பாறையில் என்னென்ன கனிமங்கள் இருக்கின்றன, அவை எப்படி உருவாயின, இப்போது என்னவாக மாறிக்கொண்டிருக்கின்றன என்று பார்ப்பது அவர் வேலை. நான் அப்போதும் இப்போதும் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி.

லோரிப் பாதையை அகலமாக்குவதற்காக மேல் லயத்துத் தொழிலாளர் வீடுகளுக்குப் பின்னால் மலையை வெட்டியிருந்தார்கள். பிறகு ஒரு வாரம் விடாத மழை. மழை விட்ட மறுநாள் அவர் வந்தார். வெட்டிய முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் தெரிந்தன. "நல்ல கருங்கல்லு மேடம், பயமில்ல," என்றேன். அவர் கட்டைவிரலால் அழுத்தினார். கல் பொடிந்து உதிர்ந்தது.

"கல்லோட உருவம் அப்படியே இருக்கு, கல்லுதான் இல்ல," என்றார். "கருங்கல்லுல பாதிக்கு மேல பெல்ட்ஸ்பார்னு ஒரு கனிமம். அதுக்குள்ள சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனும் எல்லாப் பக்கமும் கை கோத்து நிக்கும். நடுவுல பொட்டாசியம். மழைத்தண்ணி காலகாலமா அந்தப் பொட்டாசியத்தக் கழுவி எடுத்துட்டா, கோத்த கை விட்டுப்போயிடும். மிச்சம் இருக்கிறது ஏடு ஏடா அடுக்கின களிமண்ணு. ஏடு வழுக்கும்."

சரிவின் நடுவே கையகலத்தில் ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது. அது வீடுகளை நோக்கிச் சாய்ந்திருந்தது. அதன் மேல்விளிம்பில் நீர் கசிந்துகொண்டிருந்தது.

"எப்ப விழும், மேடம்?"

"தெரியாது. ஆனா ஆளுங்க இன்னிக்கே இறங்கணும்."

மேனேஜர் கோலாலம்பூரில் இருந்தார். தொலைபேசியில் கேட்டேன். "எழுத்துல சுராட் இல்லாம ஒரு குடும்பத்தையும் நகர்த்தாதே, கிராணி," என்றார். தேவகியிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஆபீஸ் சுராட் வர நாலு நாளாகும்," என்று சொல்லிவிட்டு என் மேசையிலேயே உட்கார்ந்து தன் கையால் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "தப்பாப் போச்சுன்னா என் பேரச் சொல்லுங்க." நான் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டேன். பன்னிரண்டு குடும்பங்கள் பாய் தலையணையோடு இறங்கி வந்தன.

அடுத்த இரண்டு நாளும் நல்ல வெயில். மூன்றாம் நாள் காலை எல்லாரும் மூட்டை கட்டினார்கள். கொழுந்து பறிக்கும் பச்சையம்மாதான் முன்னால் நின்றார். "கோலா தெர்லாவுலயும் இப்படித்தான் எறக்கி வச்சீங்களாமே மேடம். அங்க ஒரு கூடை மண்ணு கூட விழலையாம்லா."

"ஆமா," என்றார் தேவகி. "விழல. அங்க நான் சொன்னது தப்பாப் போச்சு."

இப்படி ஒப்புக்கொள்வார் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. அவர் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கேட்டார். சரிவிலிருந்து எடுத்து உலர்த்தி வைத்திருந்த ஒரு கட்டியை அதில் போட்டார். குமிழிகள் எழுந்தன. கட்டியின் ஓரம் உதிர்ந்தது. பிறகு ஒரு பக்கம் முழுதாகச் சரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் மணலும் வெள்ளைச் சேறும்தான் மிஞ்சின.

"மேல காஞ்சிருக்கு. உள்ள எறங்கின மழை இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கு," என்றார். கட்டிய மூட்டைகள் பிரிந்தன.

மதியம் அவர் ஆட்களை எண்ணினார். ஒருவர் குறைந்தது. பச்சையம்மா கணவரின் பிரஷர் மாத்திரையை எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். தேவகி மேலே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்; மண்டபத்து ஆட்களும் என்னைத் தொடர்ந்தார்கள். லயத்துக்குத் திரும்பும் வளைவில் ஒரு சத்தம் கேட்டது. மண்ணுக்குள் வேர்கள் அறுபடும் சத்தம். என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல முடியாது. தேவகி பச்சையம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவர்கள் என்னைத் தாண்டிய பிறகு மலையின் அந்த முகம் இறங்கியது. கடைசி மூன்று வீடுகள் சமையல்கட்டுப் பக்கமாக மடங்கிச் சேற்றுக்குள் போயின. ஓர் உயிர் கூடப் போகவில்லை.

மறுநாள் நான் அவரைப் பாராட்டப் போனேன். "வேணாம் கிராணியாரே," என்றார். "கோலா தெர்லாவுல தப்பாச் சொன்னப்பவும் இதே காரணத்தத்தான் சொன்னேன். இன்னொரு எடத்துல இப்படியே பார்த்தா திரும்பவும் எறக்கத்தான் சொல்வேன்." மேலிடத்து உத்தரவில்லாமல் ஆட்களை இறக்கியதற்காக அவரிடம் விளக்கம் கேட்டார்கள். அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை.

போன மாதம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். மிகவும் இளைத்திருந்தார். இத்தனை ஆண்டுகள் சொல்லாததை அன்று சொன்னேன். "நான் அன்னிக்கி வளைவுலயே நின்னுட்டேன், மேடம்."

"பார்த்தேன்," என்றார். "உங்களுக்குப் பின்னால இருபது பேரு ஓடி வந்துக்கிட்டிருந்தாங்க. நீங்க குறுக்க நின்னதாலதான் அவங்க மேல ஏறி வரல."

நான் அதற்காக நிற்கவில்லை. அது அவருக்கும் தெரியும். சொல்லிவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பின்னால் மண் சரிகிறது என்று யாராவது வந்து சொன்னால் இப்போதெல்லாம் நாற்காலியில் இருந்தபடி பதில் சொல்வதில்லை. எழுந்து, அவர்களுக்கு முன்னால் நடக்கிறேன். பயம் போய்விடவில்லை. கால்கள் மட்டும் நிற்பதில்லை.