ஒன்பது மணிக்கு இடப்பக்கம், பன்னிரண்டுக்கு வலப்பக்கம்

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலையில், ஜெபிக்கும்போது கண்ணை மூடக் கூடாது.

ஆமென் சொல்வதற்குள்

நான் மூடினேன். திறந்தபோது முனுசாமி அண்ணனின் மூத்திரப் பை நிரம்பி, குழாய் கழன்று, கட்டிலுக்குக் கீழே குளம் கட்டியிருந்தது. என் சாக்ஸ் நனைந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அண்ணனுக்கு அதுவும் தெரியாது. மல்லாபூரில் ஒரு பேக்டரிப் பரணிலிருந்து விழுந்ததிலிருந்து அவருக்கு நெஞ்சுக்குக் கீழே எதுவுமே தெரியாது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது பதினெட்டு. இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ, கணக்கில் விழுந்தேன், திரும்ப எழுதவில்லை, எழுதப் போவதும் இல்லை. இந்தத் தெலுங்கு நகரத்தில் எங்கள் தமிழ்ச் சபை நடத்துகிற சின்ன சேவை மையத்தில் களப்பணியாளன். அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இதைப் படிக்கிற நீங்களும் தோளில் பையை மாட்டிக்கொண்டு யார் வீட்டு வாசலிலோ செருப்பைக் கழற்றுகிற ஆள் என்றால், அடுத்து நடந்தது உங்களுக்கும் நடந்திருக்கும். நான் துணி தேடி ஓடுகிறேன், "மன்னிச்சிடுங்க அண்ணே, ஜெபத்துல இருந்தேன்" என்கிறேன். வேலூர்ப் பக்கத்து மனிதர், சாமி கும்பிடுகிறவர், கோபமே இல்லாமல் சொன்னார்: "ஆண்டவரு எங்கியும் போக மாட்டாருப்பா, நீ மொதல்ல பையப் பாரு."

எல்லாக் கட்டத்திலும் ஆம்

எங்கள் மையத்தில் எனக்கு இரண்டு மேலதிகாரிகள். ஒருவர் பாஸ்டர் ஐயா, திருநெல்வேலிக்காரர், மையத்தின் செயலாளர். இன்னொருவர் ஹெலன் மேடம், சமூகப் பணி படித்தவர், மேற்பார்வையாளர். மேடமும் சபைதான், பாடகர் குழுவில் ஆல்டோ குரல். ஆனால் படிவம் என்று வந்தால் இருவருக்கும் ஆகாது. "ஜெபம் செய்யப்பட்டதா? ஆம் / இல்லை" என்று ஐயா ஒரு கட்டம் சேர்ப்பார். மேடம் அடுத்த முறை ஜெராக்ஸ் எடுக்கும்போது அதன்மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிடுவார். "ஜெபமில்லாம வந்தா நீ கம்பவுண்டர்தாம்டே" என்பது ஐயாவின் கட்சி. "அவங்க கேக்காம ஜெபிச்சா நீ அவங்க பேச்சைக் கேக்கல" என்பது மேடத்தின் கட்சி.

நடுவில் நான். காலையில் பஸ்ஸிலேயே எல்லாப் படிவத்திலும் "ஆம்" டிக் அடித்துவிடுவேன். ஒளிக்க என்ன இருக்கிறது, நீங்களும் செய்திருப்பீர்கள். ஒருநாள் மேடம் ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார். மேலே என் கையெழுத்தில் "வீடு பூட்டியிருந்தது". கீழே "ஜெபம்: ஆம்".

நான் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. மற்ற படிவங்களையும் புரட்டினார். எந்த வீட்டிலும் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் நான் உட்காரவில்லை என்பது நேரக் குறிப்பிலேயே இருந்தது. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஜெபம் முடிஞ்சதும் யாரும் உன்னைப் பிடிச்சு வைக்க மாட்டாங்க, அதுக்குத்தான் நீ ஜெபிக்கிற."

லோத்குண்டாவில் ஸ்கோர்

அன்றிலிருந்து அனுமதி கேட்டேன். லோத்குண்டாவில் நடராஜன் சார் என்று ஒருவர், பாதுகாப்புத் துறை ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், பூஜை அறையில் காலையும் மாலையும் விளக்கு எரியும் வீடு. பக்கவாதத்தில் மனைவிக்குப் பேச்சு போய்விட்டது. அவருக்குப் பேச ஆளில்லை. "சார், ஜெபிக்கட்டுமா?" என்றேன். "வேண்டாம்பா. பேப்பர் படி, அவ கேக்கட்டும். என் குரல் அவளுக்கு அலுத்துப் போச்சு" என்று தமிழ் பேப்பரை நீட்டினார்.

நான் ஸ்கூலில் படித்தது தெலுங்கும் இங்கிலீஷும். தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டது ஞாயிறு பள்ளியில், வேதபுத்தகத்தில். எனக்கு வேறு ராகம் தெரியாது. விளையாட்டுப் பக்கத்தை வாசித்தேன். அந்த அம்மாவின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது, சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீ கிரிக்கெட் ஸ்கோர் வாசிச்சாலே ஆமென் சொல்லத் தோணுது."

கால்

முனுசாமி அண்ணன் விஷயத்தில்தான் சிரிப்பு கிடையாது. அவருக்கு இடுப்பில், முதுகெலும்பு முடிகிற இடத்தில், படுக்கைப் புண். என் உள்ளங்கை அளவு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் புண் எலும்பைத் தொடும், அப்புறம் ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மனைவி பத்மா அக்கா ஆறு மணிக்குப் பாக்கிங் வேலைக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். அதனால் ஒன்பது மணிக்கு இடப்பக்கம், பன்னிரண்டுக்கு வலப்பக்கம். இரண்டும் என் பொறுப்பு. நடுவில் அதே மல்லாபூர்ப் பேட்டையில் வேறு வீடுகள்.

ஒருநாள் திருப்பிவிட்டுத் தலையணையை அண்டக் கொடுக்கும்போது அவரே கேட்டார்: "கால் வரணும்னு ஜெபிப்பா." கேட்டால் ஜெபிக்கலாம், மேடமே சொல்லியிருக்கிறார். ஐயா காதில் விழுந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். நான் சொன்னேன், "வராது அண்ணே. டாக்டர் சொல்லிட்டாரு. வராததை வரும்னு நான் எப்படி ஜெபிக்க?" எனக்குப் பொய் சொல்ல வராது, படிவத்தில் தவிர. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கழுத்தை மட்டும்தான் அவரால் தானாகத் திருப்ப முடியும்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அண்ணன் பேசவில்லை என்றால் அந்த மூன்று நாள் என்னோடு யாருமே பேசவில்லை என்று அர்த்தம். அம்மா குவைத்தில். அப்பா ரயில்வே பணிமனையில் ஷிப்ட், நான் எழும்போது அவர் தூங்குகிறார். கூடப் படித்தவர்கள் காலேஜ் போய்விட்டார்கள், மெசேஜ் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் வரும். சபையில் "அடுத்து என்ன தம்பி?" என்று கேட்பார்கள் என்பதற்காகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிவதற்குள் வெளியே வந்துவிடுவேன். நாலாம் நாள் பத்மா அக்கா வேலைக்குப் போகாமல் எனக்காகவே வாசலில் நின்றிருந்தார். திட்டக்கூட இல்லை. "உண்மையச் சொல்றதுக்கு டாக்டருங்க இருக்காங்க," என்றார், "நீ இன்னாத்துக்கு வர்ற?"

இருவரும் ஒத்துப்போன நாள்

உள்ளே போய் அண்ணனைத் திருப்பிவிட்டு உட்கார்ந்தேன். மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேயே. கொஞ்ச நேரம் கழித்து, "கால் வேணாம் அண்ணே, புண் ஆறணும்னு கேக்கறேன், அது நடக்கலாம்" என்றேன். "சரி, அதையாவது கேளு" என்றார். கண்ணைத் திறந்துகொண்டு, பையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். பிறகு அவர் செல்போனில் லூடோ ஆடினோம். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். படிவத்தில் மற்ற வீடுகளின் கட்டங்கள் காலியாகவே போயின. புண் ஓரத்திலிருந்து மூட ஆரம்பித்தது, ஒரு கட்டத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்தது.

அப்போதுதான் ஐயாவும் மேடமும் என்னைச் சேர்ந்து கூப்பிட்டார்கள். இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஊரின் மறுகோடியில், பட்டான்செருவில், புதிதாக ஏழு வீடு, திங்கள் முதல் நான் அங்கே போக வேண்டும். "முனுசாமி அண்ணன்?" என்றேன். மேடம் அதையும் யோசித்து வைத்திருந்தார். எதிர்வீட்டில் யாதகிரி என்று ஒருவர், நைட் ஷிப்ட், பகலில் வீட்டில்தான் இருப்பார். ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் எழுந்து வந்து திருப்பிவிட்டுப் போக ஐந்து நிமிஷம் போதும். சனிக்கிழமைக்குள் அவரிடம் கேட்டு, எப்படித் திருப்புவது என்று காட்டிக்கொடுத்துவிட்டு நான் விலகிக்கொள்ள வேண்டும். "பிறனை நேசின்னு உனக்கு மட்டுமா சொல்லியிருக்கு? அந்த மனுஷனுக்கும் ஒரு வாய்ப்பு கொடுடே" என்றார் ஐயா. மேடம் தலையாட்டினார்.

"அண்ணன் என்னை நம்பியிருக்காரு மேடம். நான் விட்டா ஏங்கிப் போவாரு."

ஐயா இருக்கும்போதே மேடம், "அவரு உன்னைத் திருப்பறதுக்கு நம்பியிருக்காரு," என்றார், "நீதான் அவரை மத்த எல்லாத்துக்கும் நம்பியிருக்க."

திங்கட்கிழமை

சனிக்கிழமை யாதகிரியின் செருப்பு அவர் வாசலில் கிடந்தது. ஆள் உள்ளே இருக்கிறார். நான் அதைத் தாண்டி அண்ணன் வீட்டுக்குள் போனேன். தூக்கத்தில் எழுப்ப வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வெளியே வரும்போது அவர் வாசலில் பல் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார், முனுசாமிக்கு எப்படி இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார். கேட்க வேண்டியவன் நான், கேட்டது அவர். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு ஆராதனைக்கு முன் வாசலில் ஐயா கை கொடுத்தபோது "காமிச்சுக் குடுத்துட்டியாடே?" என்றார். "ஆமா ஐயா" என்றேன். படிவத்துக்கு வெளியே நான் சொன்ன முதல் பொய் அது. திங்கட்கிழமை பட்டான்செருவில் ஏழு வீட்டில் யார் யார் எனக்காகக் காத்திருந்தார்களோ தெரியாது. போனை அணைத்துவிட்டு மல்லாபூர் பஸ்ஸில் ஏறினேன். ஒன்பது மணிக்கு இடப்பக்கம். லூடோவில் அவருடைய மூன்று காய்கள் வீட்டுக்குப் போய்விட்டன. பன்னிரண்டுக்கு வலப்பக்கம். நான் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அண்ணன் போனைக் கீழே வைத்தார்.

"பட்டான்செருன்னு மேடம் போன்ல சொன்னாங்களே?"

"நாளைக்கு அண்ணே."

கழுத்தை என் பக்கம் திருப்பினார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: "உனுக்கு வேற ஊடே இல்லியாடா?"

அண்ணன் வாசலுக்கும் யாதகிரி வாசலுக்கும் நடுவே எட்டடி, என் தொழிலும் என் விசுவாசமும் முதல்முறையாக ஒரே குரலில் அங்கே போகச் சொல்கின்றன, நான் இன்னும் போகவில்லை.