சாட்சி வெளியில் இருக்கணும்

கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவள் வேலை. மைக் கிடையாது, தொண்டைதான் மைக். காது மந்தமான பெரியவர்கூட முதல் கூப்பாட்டிலேயே எழுந்து வந்துவிடுவார். அதனால் கோர்ட்டில் டவாலி பெயர் கூப்பிடும் லட்சணத்தைப் பார்த்து அவளுக்கு எரிச்சலாக வந்தது. மனிதர் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் கூப்பிட்டார். தன் பெயரையும் முழுங்கிவிடுவாரோ என்று பயந்து கதவை ஒட்டியே உட்கார்ந்திருப்பாள்.

அவள் மகன் கொலையான வழக்கு அது. வண்டி நிறுத்துகிற தகராறில் எதிர்க்கடைக்காரன் இரும்புக் கம்பியால் அவன் மண்டையில் அடித்துவிட்டான். உடலை அடையாளம் காட்டியவள் என்று அவளையும் சாட்சியாகச் சேர்த்திருந்தார்கள்.

"உங்க முறை வர்ற வரைக்கும் உள்ள வரக்கூடாதும்மா. மத்தவங்க சொல்றதக் கேட்டா உங்க சாட்சி செல்லாமப் போயிடும்" என்று அரசு வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார்.

சட்டம் என்றால் சட்டம்தான் என்று தலையாட்டினாள். அடித்தவனின் மாமனார், மச்சான், சித்தப்பா என்று குடும்பமே உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கேட்டது. பெற்றவள் வராந்தாவில் கிடந்தாள். இது என்ன நியாயமோ, யாருக்கு வெளிச்சம்!

ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டு வந்தாள். என் பிள்ளை வம்புதும்புக்குப் போகாதவன் என்று சொல்ல வேண்டும். அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்டால், எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது என்று வக்கீல் நிற்காமல் போய்விடுவார்.

கடைசியில் ஒருநாள் அவரே வந்து, அடையாளத்தை யாரும் மறுக்காததால் அவள் சாட்சி தேவையில்லை என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். தீர்ப்பு நாளன்று உள்ளேயே வந்து உட்காரலாம் என்றார், ஏதோ சலுகை கொடுப்பதுபோல.

உட்கார்ந்தாள். நீதிபதி வாசித்தார். இறந்தவன்தான் முதலில் வலது கையை ஓங்கி அடித்தான். பயந்துபோய் இவன் கம்பியை எடுத்தான். ஆகவே இது கொலை ஆகாது, தண்டனையைக் குறைக்கலாம்.

வலது கையா? சம்பவத்துக்கு முந்தின நாள் தண்ணீர் கேன் தூக்கும்போது அவனுக்குத் தோள் பிசகியிருந்தது. கை இடுப்புக்கு மேலே எழவில்லை. காலையில் சட்டை மாட்டி, தலை வாரிவிட்டு, "நாளைக்குக் கல்யாணம் ஆனா இதையெல்லாம் உன் பொண்டாட்டி செய்யட்டும்டா" என்று கேலிகூடச் செய்தாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். அதைப் போய் ஒரு சாட்சியமாக அவள் நினைத்ததே இல்லை. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று தெரிந்தால்தானே நினைப்பதற்கு!

எழுந்துவிட்டாள்.

"ஐயா, அன்னைக்கு அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டதே நான்தான். கையைத் தூக்க முடியாம இருந்தான்யா."

ஆஸ்பத்திரிக் குரல், வராந்தா வரைக்கும் கேட்டது. டவாலி உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அரசு வக்கீல் வெளிறிப்போய்த் திரும்பினார்.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"வெளியிலதானேய்யா இருந்தேன்" என்றாள். "நீங்க கூப்பிடவே இல்லையே."