சோதனைச் சாவடியில் கியூபிசம்

காலை எட்டு மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து கோலசிலாங்கூர் பேருந்து கிளம்பியது. நாற்பது மைல், கட்டணம் ஒன்றரை வெள்ளி. ஈஜோக்குக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் பள்ளித் தோழி ரோசலின் இருக்கிறாள். அவள் கணவர் அங்கே ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரசர். "மாதர் சங்கத்துல புதுசா ஏதாச்சும் பேசேன்" என்று அழைத்திருந்தாள். நான் ஓவிய ஆசிரியை. எனக்குத் தெரிந்த புதுசு நவீன ஓவியம்தான். மூன்று அச்சுப் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு, சுங்கை பூலோ தாண்டியதும் சோதனைச் சாவடி. அவசரகாலமாயிற்றே, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று எல்லாரையும் இறக்கி மூட்டைகளைப் பிரித்தார்கள். மலாய் சார்ஜண்ட் என் சுருளைப் பிரித்தார். முதல் படம் இம்ப்ரெஷனிசம். கிட்டே வெறும் வண்ணத் தீற்றல். எட்ட நின்றால் வெயில் பட்ட ஆறு. தலையாட்டி ரசித்தார். அடுத்தது கியூபிசம்: சாம்பல் நிறக் கட்டங்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். அவர் முகம் மாறிவிட்டது.

"இது மேப்பாம் டீச்சர். எந்த எஸ்டேட்டுன்னு கேக்குறாரு" என்றார் பேருந்து ஓட்டுநர் அந்தோணி.

"மேசை மேல ஒரு புட்டிங்க. பக்கத்துல கித்தார்."

"புட்டி இப்படியா லா இருக்கும்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாத்துப் பேசுங்க டீச்சர். போன மாசம் ஒரு ஆள லோரில ஏத்திட்டுப் போனாங்க. இன்னும் திரும்பல."

வாயால் சொன்னால் எடுபடாது என்று பென்சிலை எடுத்தேன். படத்தின் பின்பக்கத்திலேயே அந்தோணியை வரைந்தேன். மூக்கு பக்கவாட்டில், கண்கள் இரண்டும் நேராக, தொப்பி மேலிருந்து பார்த்தபடி, தொந்தி கீழிருந்து.

"ஒரு பொருள நாலு பக்கமும் சுத்திப் பாத்து, பாத்ததெல்லாம் ஒரே தாள்ல வைக்கிறது. அவ்வளவுதான்னு சொல்லுங்க" என்றேன்.

அந்தோணி மலாயில் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்ற மீன்கார அம்மாள், "ஐயோ, நம்ம அந்தோணியேதான்! தொந்தியப் பாரு!" என்று கத்தினாள். சாவடியே சிரித்தது. சார்ஜண்ட் மட்டும் படத்தையும் அந்தோணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தன்னையும் வரையச் சொல்லி விறைப்பாக நின்றார். வரைந்து கொடுத்தேன். வழிவிட்டார்.

ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் தோட்டத்தில் நாலு மணிக்கே பேச்சு. ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிவிட்டு வந்து குளித்து, பூ வைத்த பெண்கள் முப்பது பேர் இருப்பார்கள். சாவடிக் கதைக்குச் சிரித்தவர்கள், மூன்றாவது படத்தைப் பார்த்ததும் கிட்டே நகர்ந்து வந்தார்கள். அது அரூப ஓவியம். கறுப்பும் சிவப்பும் வாரியடித்த வீச்சு.

"இதுல ஆளு, மரம், வீடு எதுவும் கிடையாது" என்றேன்.

"ஒன்னும் இல்லேங்கிறீங்க. அப்புறம் ஏன் டீச்சர் இவ்வளவு கோவமா இருக்கு?" என்று கேட்டாள் முன்வரிசையில் இருந்த செல்லம்மா.

"கோவமில்லடி, பயம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஊரடங்குச் சங்கு ஊதும்வரை சண்டை ஓயவில்லை. கோலாலம்பூரில் இதே படத்துக்கு என் மாணவர்கள் கேட்டது ஒன்றுதான்: "பரீட்சைக்கு வருமா?"

மறுநாள் காலை நான் கிளம்பும்போது தோட்டத்து முள்வேலி வாசலில் செல்லம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த தடவ, ஒன்னுமே இல்லாம சிரிக்கிற படம் ஒன்னு கொண்டாங்க டீச்சர்."

அப்படியொரு படம் எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஈஜோக் வரும்வரை யோசித்தேன். பெரும்பாலும் மஞ்சள்தான், மூலையில் கொஞ்சம் பச்சை. வீட்டுக்குப் போனதும் நானே போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.