விளையாட்டுப் பெட்டியில் நிலுவையிலிருந்த பதில்

வந்து சேர்ந்த எந்தக் கடிதத்துக்கும் பதினைந்து நாளுக்குள் பதில் போக வேண்டும். முடிவான பதில் தர இயலாவிட்டால் இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். அலுவலக நடைமுறையில் இது பாலபாடம். புனேயை அடுத்த கட்கியில் தொழிற்சாலை நிர்வாகப் பிரிவில் இருந்த காலம் முழுவதும் இந்த விதியை மற்றவர்கள் மீது பிரயோகித்துப் பெயர் கெடுத்துக்கொண்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகு என் சொந்த வீட்டிலேயே ஒரு கேள்வி மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தது.

கேட்டவன் நான். பதில் தர வேண்டியவள் என் மனைவி. 2006இல் பொங்கல் கழிந்த வாரம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் செயலிழந்தது, நாக்கு குழறியது. புத்தியில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். தான் பேசுவது அவளுக்குத் தெளிவாகவே இருந்தது. எங்களுக்குத்தான் ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

சென்னையிலிருந்து வந்த மகள் ஒரே முடிவாகச் சொன்னாள்: "ரெண்டு பேரும் என்னோட வந்துடுங்கப்பா. இந்த போபோடி வீட்ட வித்துடலாம்." வாங்குவதற்கு ஆளையும் பார்த்து வைத்திருந்தாள். நான் கட்டிலருகே உட்கார்ந்து, "போலாமா?" என்று கேட்டேன். மனைவி நீளமாக ஏதோ சொன்னாள். புரியவில்லை. தலையையாவது ஆட்டச் சொன்னேன். ஆட்டவில்லை. ஆமாம், இல்லை என்ற இரண்டில் அடங்காத ஏதோ அவளிடம் இருந்தது. மறுபடி கேட்டபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்மாவுக்கு இஷ்டமில்ல" என்று மகளிடம் தெரிவித்தேன்.

"அம்மா சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?"

என் மகள் தணிக்கைப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டியவள். எனக்கும் இஷ்டமில்லை என்பதை நான் குறிப்பில் ஏற்றவில்லை.

மகள் கல்யாணத்துக்கு முன் புனே கேம்ப் பக்கம் பழைய சாமான் கடையில் வாங்கிய விளையாட்டுப் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. ஜப்பானியக் கம்பெனி செய்து, சீக்கிரமே கைவிட்ட சாதனம். டிவியில் மாட்டி, கைப்பிடியால் கார் ஓட்டலாம். பிசியோதெரபிக்கு வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, இடது கைக்கு நல்ல பயிற்சி என்றாள். படுத்தபடியே மனைவி கார் ஓட்டினாள். இடது கட்டைவிரலுக்கு ஒரு குமிழ், ஆள்காட்டி விரலுக்கு அடியில் ஒரு விசை. கார் சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. விரல்கள் மட்டும் தேறின.

ஒரு விரலால் நகர்த்தி, ஒரு விரலால் தேர்ந்தெடுக்க முடிகிறவளால் எழுதவும் முடியும் என்று அப்போது தோன்றியது. கம்ப்யூட்டர் மேஜை முன் அவளால் உட்கார முடியாது. டிவி கட்டிலுக்கு எதிரிலேயே இருந்தது; இன்றும் அங்கேதான் இருக்கிறது.

தொண்ணூறுகளில் என்னைக் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனை மாற்றம்தான், ஆனால் வேலையைக் கற்றுக்கொண்டேன். லினக்ஸ் என்ற இயங்குதளம் யாரும் திறந்து மாற்றக்கூடியது. இந்தப் பழைய பெட்டிக்குள்ளும் அதை ஏற்ற உலகத்தின் எங்கெங்கோ சிலர் முயன்று, பாதியில் விட்டிருந்தார்கள். பாதியில் விட்ட கோப்பை எடுத்து முடிப்பது எனக்குப் பழக்கமான வேலை. என் கம்ப்யூட்டரில் திருத்தி, பெட்டியின் மொழிக்கு மாற்றி, சிடியில் எழுதி, அதைப் பெட்டியில் போட்டுப் பார்ப்பேன். திரை கறுப்பாகவே இருக்கும். மறுபடி திருத்துவேன். பெட்டியின் மொத்த நினைவகம் பதினாறு மெகாபைட். இன்றைக்கு ஒரு கல்யாணப் போட்டோவைக்கூட அதில் திறக்க முடியாது.

ஒருநாள் காலை திரையில் அந்த இயங்குதளத்தின் சின்னமான பென்குயின் வந்து நின்றது. மனைவியைக் குளிப்பாட்ட வரும் மாவுசி வாளியோடு நின்று பார்த்தாள்.

"காகா, ஹே பதக் குடூன் ஆல?" இந்த வாத்து எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாள்.

"பதக் நஹீ, மாவுசி. பென்குயின்."

"அதுக்குத் தீனி யார் போடுவாங்களாம்?" என்றாள், மராத்தியிலேயே. கட்டிலில் இருந்தவளின் தோள் குலுங்கியது. ஜனவரிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்து, கட்டம் கட்டமாகத் திரையில் அடுக்கினேன். மே மாதத்தில் மனைவி முதல் வாக்கியத்தை எழுதினாள்: "ராகிக் கஞ்சி வேணாம்."

"இத்தனை மாசமா குடிச்சியே! முன்னாடியே சொல்லக் கூடாதா?"

குமிழ் நெடுநேரம் நகர்ந்தது. "தினம் சொன்னேன்."

சரி, பழைய கேள்விக்கு வருவோம் என்று, "சென்னைக்குப் போலாமா?" என்று கேட்டேன். அவள் எழுதத் தொடங்கினாள். நீளமாக எழுதினாள். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்ததால் நான் எழுந்து போனேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. வியாழக்கிழமை, புனேயில் கரண்டை நிறுத்துவதற்கென்றே வைத்த கிழமை. பெட்டிக்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. அணைந்தால் எழுதியது எல்லாம் போயிற்று.

"என்ன எழுதின?" என்றேன். சுவரைப் பார்த்தாள்.

கரண்ட் வந்து பெட்டி உயிர்த்ததும் எழுதினாள்: "எழுதினது நிக்கிற மாதிரி செஞ்சு குடுங்க. அப்பதான் சொல்வேன்."

"நீ எழுது. நான் பாத்துப் பாத்துக் காகிதத்துல எழுதிக்கறேன்."

"நீங்க எழுதினா ஆபீஸ் லெட்டர் ஆயிடும். எழுத்துல இல்லாதது நடக்கவே இல்லன்னு சொன்னது யாரு?"

சொன்னது நான்தான். நாற்பது வருஷம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளிடம் மேல்முறையீடு கிடையாது. இன்வர்ட்டர் வாங்கினேன். மின்சாரம் கைமாறும் அந்த ஒரு நொடியிலும் பெட்டி அணைந்தது.

கைப்பிடியில் செருகும் சிறிய நினைவக அட்டை ஒன்று இருந்தது. விளையாட்டின் மதிப்பெண்ணைச் சேமிக்கும் அட்டை. மனைவியின் வாக்கியத்தை அதில் எழுத வைத்தால் போதும். படிக்க முடிந்தது, எழுதப் போனால் பாதியில் பிழை. ஜூனில், இந்த வேலையில் ஈடுபட்டவர்களின் மின்னஞ்சல் குழுவுக்குப் பத்தி எண்கள் போட்டு, முன்வரலாறு சொல்லி, உரிய வழிகாட்டுதல் கோரி எழுதினேன். பதினைந்து நாள் பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். இங்கே யாரும் உங்கள் சம்பளத்தில் இல்லை, நினைவூட்டல் அனுப்பாதீர்கள் என்று முகம் தெரியாத ஒருவர் எழுதினார். அதை இடைக்காலப் பதிலாகப் பதிவு செய்துகொண்டேன்.

ஜூலை போயிற்று. மழை போபோடிச் சந்துகளை நிரப்பியது. மனைவியின் இடது கைவிரல்கள் முன்போல் வேகமாக நகரவில்லை. டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, இன்னொரு தாக்குதல் வரலாம், எப்போதென்று சொல்ல முடியாது என்றார். அதன்பின் நான் குழுவின் நாகரிகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மறுபடி எழுதினேன். இம்முறை பத்தி எண்கள் இல்லை. என் மனைவியால் பேச முடியாது, அவள் எழுதுவது அழிந்துபோகிறது, தயவுசெய்து உதவுங்கள் என்று மட்டும்.

விநாயகர் சதுர்த்திக்குத் தெருவில் கணபதி உட்கார்ந்த வாரத்தில் பதில் வந்தது. எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்றுகூடத் தெரியாது. அட்டை ஒவ்வொரு துண்டாகத்தான் எழுதும், ஒரு துண்டை முடிக்கும் முன் அடுத்ததைத் திணிக்கிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் 'முடிந்தது' என்று ஒரு கட்டளை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். எல்லா நடைமுறையும் அறிந்த நான் முடிவுக் குறிப்பு இல்லாமலே கோப்பை மூடப் பார்த்திருக்கிறேன்.

திருத்தி, சோதித்து முடிப்பதற்குள் பிள்ளையாரைக் கரைக்கும் விசர்ஜன நாள் வந்துவிட்டது. இரவெல்லாம் ஊர்வல மேளச் சத்தம். மறுநாள் காலை கைப்பிடியை மனைவியின் இடது கையில் வைத்து, "இனிமே நிக்கும்" என்றேன். கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. அவள் எழுதினாள். மாவுசி வந்து போனாள். நான் பாலைக்கூட அடுப்பில் வைக்கவில்லை. எழுதி முடித்ததும் சுவிட்சைக் கண்ணால் காட்டினாள். நானே பெட்டியை அணைத்தேன். மறுபடி போட்டேன். பென்குயின் வந்தது, போயிற்று. எழுத்துகள் அப்படியே இருந்தன:

"போலாம். நான் பொண்ணு கூட இருக்கணும். ஆனா வீட்ட விக்காதீங்க. எனக்கப்புறம் நீங்க அங்க யாரோடவும் ஒத்துப்போக மாட்டீங்க. திரும்பி வர ஒரு இடம் வேணும்."

அன்று வியாழக்கிழமை, 2006 செப்டம்பர் ஏழு.